ஊர்ந்து ஏறும்போது கொதிக்கும் ஜீப் செரோக்கி: இரண்டு விசிறிகளில் கோளாறு எதில்?

நெடுஞ்சாலையில் இயல்பான வெப்பநிலையில் ஓடும் 4.0 லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய ஜீப் செரோக்கி (1987–2001), பாறைப் பாதையில் ஊர்ந்து ஏறும்போது மட்டும் கொதிக்குமானால், முதலில் ஆராய வேண்டியது ரேடியேட்டர் வழியே காற்றை இழுக்கும் விசிறிகளைத்தான்; வேகமாக ஓடும்போது காற்று தானாகவே உள்ளே புகும், ஊர்ந்து செல்லும்போது விசிறிகள்தான் அதை இழுக்க வேண்டும். ஏசி உள்ள வண்டிகளில் இவை இரண்டு: எஞ்சின் சுழற்றும் பெரிய விசிறி, மின்சாரத்தால் சுழலும் மின்விசிறி.

பெரிய விசிறி விஸ்கஸ் கிளட்ச் (கெட்டியான திரவத்தின் மூலம் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) வழியாக இயங்குகிறது. சூடான எஞ்சினை நிறுத்தி, மின்விசிறியின் இணைப்பையும் கழற்றிய பிறகு (இதைத் தவிர்க்கவே கூடாது, விரல்களுக்கு ஆபத்து), இதழைக் கையால் தள்ளினால் தடை தெரிய வேண்டும். தடையின்றிப் பல சுற்றுகள் சுழன்றாலோ, கிளட்ச்சைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்திருந்தாலோ, உள்ளிருக்கும் சிலிக்கோன் திரவம் கசிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

மின்விசிறியைச் சோதிப்பது எளிது: ஏசியைப் போட்டதும் அது சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), மோட்டார் என்ற வரிசையில் பார்க்கலாம்.

காற்றின் பெரும்பங்கை இழுப்பது பெரிய விசிறியே என்பதாலும், அதன் கிளட்ச் ஓசையின்றிச் சிறிது சிறிதாகத் தளர்வதாலும், நான் முதலில் ஐயுறுவது கிளட்ச்சைத்தான். வேகமாக ஓடும்போதும் வெப்பம் ஏறினால், ரேடியேட்டர் அடைப்பைத் தேட வேண்டும்.