சேலம் அம்மாபேட்டையில் மூன்று வருடம் ஓடிய எடிட்டிங் கணினி: பயன்பாட்டு அனுபவம்

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கென்றே சேர்த்த கணினி இது. இன்டெல் ஐ7-12700 பிராசஸர், 16 ஜிபி வீதம் இரண்டு ராம், 12 ஜிபி மெமரியுள்ள என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸுக்கு 500 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), கையில் இருக்கும் வேலைக்கு 1 டிபி என்விஎம்இ, முடிந்த வேலைக்கு 4 டிபி ஹார்டு டிஸ்க், 650 வாட் பவர் சப்ளை. ஏசி இல்லாத மாடி அறை. எடியஸ், பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் ஓடுகின்றன.

இதில் சரியாக அமைந்த முதல் விஷயம், பிராசஸர் பெயரில் ‘எஃப்’ என்ற எழுத்து இல்லாதது. "தனியா கார்டு போடப் போறீங்க, எஃப் மாடலே போதுமுங்க, விலையும் குறையும்" என்று கடையில் சொல்வார்கள். கேம் ஆடுபவருக்கு அது நல்ல யோசனைதான். எடிட்டிங்குக்கு வேண்டாம். எஃப் மாடலில் உள் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் வீடியோவைச் சுருக்கி விரிக்கும் இன்டெல்லின் குயிக் சிங்க் வசதியும் கிடையாது. சோனி ஏ7 4, எஃப்எக்ஸ்3 கேமராக்கள் எச்.265 என்ற சுருக்க முறையில், நிற விவரம் கூடுதலான 10 பிட் 4:2:2 ஆகப் பதிவு செய்யும் ஃபைலை விரிக்கும் வசதி ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில் இல்லை. என்விடியா அதை 2025-ல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தது. 12700-இன் உள் கிராபிக்ஸ் அந்த வேலையைச் சிரமமில்லாமல் செய்கிறது. எடியஸும் வெகுகாலமாகக் குயிக் சிங்கை நம்பியே வளர்ந்த மென்பொருள்.

வாங்கினால் மட்டும் போதாது, உள் கிராபிக்ஸ் விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிக் கார்டு சொருகியதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்பதை ஆன் செய்து, விண்டோஸில் இன்டெல் டிரைவர் போட வேண்டும். பிரீமியரில் பிரிஃபரன்ஸ், மீடியா பகுதியில் ஹார்டுவேர் டீகோடிங்குக்கு இன்டெல்லை டிக் செய்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் இன்டெல் ஜிபியுவின் ‘வீடியோ டீகோட்’ கோடு டைம்லைன் ஓடும்போது மேலே எழுந்தால் சரி. அது தரையிலேயே கிடந்து சிபியு 90 சதவீதத்தைத் தொட்டால், எத்தனை ஆயிரம் செலவழித்த கார்டாக இருந்தாலும் படம் திக்கித் திக்கித்தான் நகரும்.

ஒரு சிக்கல் தீரவே இல்லை. இந்த சோனி கேமராக்களில் 4கே எச்.265 பதிவு 25 பிரேமில் கிடையாது. 50-க்குப் போக வேண்டும். 25 வேண்டுமென்றால் பழைய சுருக்க முறையான எச்.264-தான். எச்.264-இல் 10 பிட் 4:2:2 வந்தால் இந்தக் குயிக் சிங்க்கும் கைவிரித்துவிடும். அதற்கு ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டும் உருவாக்கும் லேசான நகல், ஒன்றே வழி: 1080 அளவில் ப்ரோரெஸ் ப்ராக்ஸி, மணிக்குச் சுமார் 17 ஜிபி. இரவில் போட்டுவிட்டால் காலையில் மூன்று கேமரா மல்டிகேம் வெண்ணெய் போல் ஓடும்.

டிஸ்க் கணக்கில்தான் தப்பு நடந்திருக்கிறது. அந்த 25 பிரேம் பதிவு நொடிக்கு 140 மெகாபிட். மணிக்கு 63 ஜிபி. ரிசப்ஷன் முதல் முகூர்த்தம் வரை மூன்று கேமராவும் சேர்ந்து 8 மணி நேரம் என்றால் 500 ஜிபி தாண்டும். ப்ராக்ஸி, கேச் (மென்பொருள் சேர்க்கும் தற்காலிக ஃபைல்கள்) சேர்ந்தால் 1 டிபி ஒரே கல்யாணத்துக்குத்தான் காணும். இன்று வாங்குபவர் 2 டிபி வாங்கட்டும். விலை குறைந்த க்யூஎல்சி வகை எஸ்எஸ்டி வேண்டாம்: முதலில் பறக்கும், உள்ளிருக்கும் வேகப் பகுதி நிரம்பியதும் காப்பி ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். எந்த எஸ்எஸ்டியிலும் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். ராம் 32 ஜிபி போதுமானது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் கூடவே திறப்பவருக்கு 64.

இனி வெயில். சித்திரையில் மாடி அறை 37, 38 டிகிரிக்குப் போகிறது. பிராசஸர் பெட்டியோடு வந்த கூலரில் நீண்ட எக்ஸ்போர்ட் போட்டால் பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டு, தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 120 மிமீ விசிறியுள்ள டவர் கூலர் மாட்டி, பயாஸில் நீண்ட நேர மின் வரம்பை 125 வாட்டுக்கு வைத்ததும் அது நின்றது. தறி ஓடும் தெருவில் பஞ்சுத் தூசி தனிப் பிரச்சினை: முன்பக்க வலை பதினைந்து நாளில் கம்பளம் போல் மூடிக்கொள்ளும். புளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் கடை கம்பிரசரில் பிடிக்கக் கூடாது. அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்து வரும்.

மின்சாரத்தில் நிறையப் பேர் ஏமாறுவது யுபிஎஸ் அளவில். 600 விஏ யுபிஎஸ் கொடுப்பது சுமார் 360 வாட். இந்தக் கார்டுக்கு மட்டுமே 170 வாட், பிராசஸர் உச்சத்தில் 180; மானிட்டரும் சேர்ந்தால் ரெண்டர் நடுவில் கரண்ட் போகும்போது யுபிஎஸ்ஸும் சேர்ந்தே அணையும். 1100 விஏ குறைந்தபட்சம். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால் சைன் வேவ் வகையாக, யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும்; சாதாரண மோடில் கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் நேரம் பவர் சப்ளை தாங்கும் 16 மில்லி செகண்டைத் தாண்டிவிடும்.

ஏற்காட்டில் ஷூட் முடித்துக் குளிரிலிருந்து இறக்கும் டிஸ்க்கை ஜிப் கவரிலேயே வைத்திருந்து, சேலம் வெப்பத்துக்கு வந்த பிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் மேலே நீர் பூக்கும். மலையிலேயே கணினி வைத்திருப்பவர்கள் கோடை இடியின்போது பவர் பிளக்கோடு லேன் ஒயரையும் கழற்றட்டும்; மின்னல் அந்த வழியாகவும் மதர்போர்டுக்குள் வரும்.

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் அதற்குத் தோதானது. கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிவதற்குள் கூலரைக் கழற்றித் துடைத்து, பழைய ஃபைல்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி, கேச்சைக் காலி செய்துவிட்டால் ஆவணி வேலைக்குக் கணினி தயார்.