நிலவொளியில் ஒரு படகு: ‘தி லில்லி ஆஃப் கிலார்னி’ இரட்டை சிடி

பழைய கடையில் வாங்கிய இரட்டை சிடி. உள்ளே பாடல் வரிகள் அச்சிட்ட கையேடு இல்லை. விற்றவர் சொல்லவும் இல்லை. அந்த எரிச்சலோடுதான் போட்டேன்.

ஜூலியஸ் பெனடிக்ட் இசையமைத்து 1862-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் அரங்கேறிய ஓபரா, அதாவது இசை நாடகம். அயர்லாந்தின் ஏரிக்கரைக் கதை. ஹார்ட்ரெஸ், ஏழைப் பெண் ஐலியை ரகசியமாக மணக்கிறான். வீட்டிலோ கடன், பணக்காரப் பெண்ணைக் கட்டச் சொல்கிறார்கள். நம்ம ஊர் பழைய படம் மாதிரி இல்லையா?

பெனடிக்ட் ஜெர்மனியில் பிறந்தவர், ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வெபரின் மாணவர். ஓபராவில் அந்த வளர்ப்பு தெரிகிறது. ஆனால் ‘க்ரூஸ்கீன் லான்’ என்ற ஐரிஷ் குடிப்பாட்டு வரும்போது மெட்டு சட்டென்று மண்ணில் இறங்குகிறது. கூடவே காலால் தாளம் போட்டேன்.

முதல் அங்கத்தில் ஹார்ட்ரெஸும் படகோட்டி டேனியும் பாடும் நிலா டூயட்டை மூன்று முறை திரும்பக் கேட்டேன். இரு ஆண்குரல்களும் துடுப்பு போடுகிற சீரில் அசைகின்றன. அதே டேனிதான் பின்னால் ஐலியைத் தண்ணீரில் தள்ளப் பார்ப்பவன் என்று தெரிந்து கேட்டால் முதுகு சில்லிடுகிறது.

நடுவில் கொஞ்சம் இழுவை. இரண்டாவது சிடியில் ஒரு கீறல் வேறு. அப்புறமும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.