பழைய ஐமேக்கை எஸ்எஸ்டியில் ஓடவிடுதல்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

ஐமேக் என்பது திரைக்குப் பின்னாலேயே கணினி முழுதும் அடங்கிய ஆப்பிள் மெஷின். 2012 கடைசியிலிருந்து 2019 வரை வந்த 21.5 அங்குல ஐமேக்குகளில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். தட்டு ஒருமுறை சுற்றவே 11 மில்லிசெக்கன் பிடிக்கும். ஒரு செயலி திறக்க ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அது ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கவேண்டும். ப்ராசஸரில் இன்னும் சீவன் இருக்க மெஷின் தூங்கிவழிவது இதனால்தான். திரையைப் பசைநாடாவால் ஒட்டியிருப்பதால் உள்ளே கைவைப்பது வில்லங்கம். பின்பக்க யூஎஸ்பி 3 போர்ட்டில் எஸ்எஸ்டியை (சுற்றும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) செருகி அதிலிருந்தே பூட் செய்தால் போதும். சாதாரண டவர் வைத்திருப்பவர்கள் மூடியைக் கழற்றி, உள் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா வயரில் உள்ளேயே பூட்டிவிடுங்கள்.

மேக்கில் டிஸ்க்குகளை அழித்துப் பிரிக்கும் டிஸ்க் யுட்டிலிட்டியில் முதலில் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ போடவேண்டும். போடாவிட்டால் பார்ட்டிஷன் முறையை மாற்ற வழி வராது. மேல்வரியைத் தெரிவுசெய்து, ஏபிஎஃப்எஸ், ஜியூஐடி பார்ட்டிஷன் மேப் என்று அழியுங்கள். மேக்ஓஎஸை அதில் நிறுவி, மைக்ரேஷன் அசிஸ்டன்ட் மூலம் கோப்புகளைக் கொண்டுவரலாம். கடைசியில் ஸ்டார்ட்அப் டிஸ்க்கில் எஸ்எஸ்டியைத் தெரிவுசெய்ய மறந்தால், மெஷின் பழையபடி உள் டிஸ்க்கிலேயே எழும்பும். நிமிடக் கணக்கில் இழுத்த பூட் அரை நிமிடத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. மூன்று வருடமாக அப்படியேதான் இருக்கிறது.

தொல்லை தந்தது வயர்தான். யூஎஸ்பி 3 முனைக்குள் எட்டிப் பாருங்கள்: முன்னால் 4 தகடு, அதற்குப் பின்னே ஆழத்தில் இன்னும் 5. வேகமெல்லாம் அந்த ஐந்தில்தான் போகிறது. முனை கொஞ்சம் வெளியே வந்தாலோ களிம்பு ஏறினாலோ முன் நான்கு மட்டும் தொடும். 5 ஜிகாபிட்டில் ஓடவேண்டிய டிஸ்க் 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, எஸ்எஸ்டி பழுது என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள். உப்புவெளி, நிலாவெளி போன்ற கடலோர இடங்களில் வாடைக் காலத்து ஈரத்தோடு உப்பும் சேர்ந்து இதை அடிக்கடி கொண்டுவரும். மெஷின் மந்தமானால் முதலில் சிஸ்டம் இன்பர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைத் திறந்து வேகத்தைப் பாருங்கள். 480 என்றிருந்தால் மெஷினை நிறுத்தி, முனையை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு, ஒரே மூச்சில் முழுதாகச் செருகுங்கள். மெதுவாகச் செருகினால் முன் நான்கும் முந்தித் தொட்டுவிடும். இடையில் ஹப் (ஒரு போர்ட்டைப் பலதாக்கும் பெட்டி) வேண்டாம்.

வயரில்லா மவுஸும் வைஃபையும் பாவிக்கும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் யூஎஸ்பி 3 வயர் இரைச்சல் கிளப்பும். மவுஸ் திக்கினாலோ வைஃபை விட்டுவிட்டு வந்தாலோ, நல்ல கவசமுள்ள குட்டை வயராக மாற்றுங்கள். எஸ்எஸ்டி இருக்கும் யூஎஸ்பி சாட்டா பெட்டி வழியாக மேக் பொதுவாக ட்ரிம் (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பாது. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு இடத்தை எப்போதும் காலியாக விடுங்கள்.

கரன்ட் சட்டென்று போனால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையலாம், யூபிஎஸ் கட்டாயம். உள் டிஸ்க்கைத் துடைத்து மேக்கின் பிரதி எடுக்கும் வசதியான டைம் மெஷினுக்கு ஒதுக்கினால் தினசரிப் பிரதி அதில் விழும். எஸ்எஸ்டியை ஐமேக்கின் முதுகில் ஒட்டாதீர்கள், சூடான காற்று வெளியேறுவது அந்தப் பக்கம். கச்சான் காற்று வீசும் காலத்தில் அறையே கொதிக்கும்; ஸ்டாண்டின் காலடியில் வைத்தால் தொட்டுப் பார்க்க இளஞ்சூடாகவே இருக்கும்.