மீனா, குளமா?

2001இல் உளவியலாளர்கள் மசுடாவும் நிஸ்பெட்டும் ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்கு மீன்கள் நீந்தும் அசைபடத்தைக் காட்டி, கண்டதைச் சொல்லச் சொன்னார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் முன்னால் நீந்திய பெரிய மீனில் தொடங்கினார்கள். ஜப்பானியர்களோ அது குளம்போல் இருந்தது என்று சூழலிலிருந்து தொடங்கினார்கள். பிறகு பின்னணியை மாற்றி அதே மீன்களைக் காட்டி, முன்பு பார்த்தவையா என்று கேட்டபோது, தடுமாறியவர்கள் ஜப்பானியர்கள்தான். அமெரிக்கர்களை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை.

கோழி, மாடு, புல்: எவை இரண்டு சேரும்? விலங்கு என்ற வகையால் கோழியையும் மாட்டையும் சேர்ப்பது மேற்கில் அதிகம். மாடு புல்லைத் தின்னும் என்ற உறவால் மாட்டைப் புல்லோடு சேர்ப்பது சீனர்களிடம் அதிகம். (நானும் புல்லைத்தான் எடுத்தேன்.)

அதற்காகக் கிழக்கை ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. 2014இல் உளவியலாளர் டால்ஹெமின் குழு சீனாவுக்குள்ளேயே வேறுபாடு கண்டது: உறவு பார்த்துச் சேர்ப்பது தெற்கின் நெல் பகுதிகளில் அதிகம், வடக்கின் கோதுமைப் பகுதிகளில் குறைவு. நெல்லுக்கு நீரைப் பங்கிட அக்கம்பக்கத்தார் தேவை என்பது அவர்களின் விளக்கம்.