பார்லரில் ‘லேசர்’ என்று சொல்லி அந்தரங்க முடி எடுக்கிறார்களா? பணம் கட்டுமுன் படியுங்கள்

பிரைடல் பேக்கேஜ் என்ற பெயரில் ஃபேஷியலோடு அந்தரங்க முடி நீக்கத்தையும் சேர்த்து விற்கும் பார்லர்கள் இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டன. அப்படி ஒன்றில் 18,000 ரூபாய் கட்டி, தொடை இடுக்கில் தீக்காயத்தோடு வந்தவள் நான். கூச்சப்பட்டு யாரும் வெளியில் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இவர்கள் தொழில் நடக்கிறது. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

“வேரோட எடுக்கிற லேசர்மா. ஆறு சிட்டிங் போதும், வாழ்நாளுக்கும் முளைக்காது” என்றார் பார்லர் நடத்தும் அம்மா. மெஷினைப் பிடித்தது வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பெண். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறதா, காயம் பட்டால் தழும்பு தடிக்கிற உடம்பா என்று எதையும் கேட்கவில்லை. ஓரமாக ஓரிடத்தில் மட்டும் அடித்துப் பார்த்து, தோல் தாங்குகிறதா என்று ஓரிரு நாள் பொறுக்கவும் இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியை அவள் மாட்டிக்கொண்டாள், எனக்குத் தரவில்லை. ஜெல் தடவி, அகலமான முனையை வைத்து அழுத்தினாள். பளிச்சென்று வெளிச்சம், கூடவே சுரீரென்று எரிச்சல். சொன்னேன். “வேர் கருகுதுக்கா, அப்படித்தான் இருக்கும்” என்று அடுத்த இடத்துக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. பழக்கிவிடாமல் அவள் கையில் மெஷினைக் கொடுத்தவர் மேல்தான் கோபம்.

இரவுக்குள் கொப்புளம் கிளம்பியது. மெஷின் முனையின் அதே செவ்வக வடிவில் வரிசையாகச் சிவந்திருந்தது. போன் செய்தால் கற்றாழை ஜெல் தடவச் சொன்னார்கள். மருந்துக்கடையில், புண், அரிப்பு எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று ஒரு க்ரீமைத் தந்தார்கள். அப்புறம் தோல் டாக்டரிடம் போனபோது முதலில் அந்த ட்யூபைத்தான் வாங்கிப் பார்த்தார். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த க்ரீம். தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சும். அங்கே ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசினால் தோல் இன்னும் மெலிந்து கோடு கோடாக வரி விழும், அந்த வரி மறையாது என்றார். நம் ஊரில் இந்தக் கலவை க்ரீம்களைச் சீட்டில்லாமல் சர்வசாதாரணமாக நீட்டுகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

பார்லர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த மெஷின் படத்தையும் காட்டினேன். அது லேசரே இல்லை, ஐபிஎல் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) என்றார். லேசர் ஒரே அலைநீளத்தில் வரும் ஒளி. ஐபிஎல் பல அலைநீளங்கள் கலந்த பலத்த வெளிச்சம். இரண்டுமே முடியிலுள்ள மெலனின் என்ற நிறமியைச் சூடாக்கித்தான் வேரை அழிக்கின்றன. அதே நிறமி நம் தோலிலும் இருக்கிறது, அந்தரங்கப் பகுதியில் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. அளவு தெரியாமல் அடித்தால் முடியோடு தோலும் வேகும். மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் என்ற வகை லேசர்தான் பாதுகாப்பு அதிகம். அந்த ஒளி மேல்தோல் நிறமியில் அவ்வளவாகப் பிடிபடாமல் ஆழத்துக்குப் போகும். வாழ்நாளுக்கும் முளைக்காது என்பதும் பொய். லேசரால் முடி வெகுவாகக் குறையும், மெலியும், அவ்வளவுதான். பிசிஓடி போன்ற ஹார்மோன் கோளாறு இருந்தால் திரும்ப முளைக்கவும் செய்யும். நரைத்த முடியில் வேலையே செய்யாது.

பணத்தைக் கேட்டால், “நோ ரீஃபண்டுன்னு பில்லுலயே போட்டிருக்கும்மா” என்கிறார்கள். பில்லில் லேசர் என்ற சொல்லே இல்லை, பிரைடல் பேக்கேஜ் என்று மட்டும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. பில், வாட்ஸ்அப் செய்தி, காயத்தின் படம், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

டாக்டர் சொன்ன இன்னொன்று: இந்த முடியை எடுத்தே ஆக வேண்டும் என்று மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. உராய்விலிருந்து தோலைக் காக்கிற முடி அது. சுத்தத்துக்குத் தினமும் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். குறைக்கத்தான் வேண்டும் என்றால் ட்ரிம்மரோ சின்னக் கத்தரிக்கோலோ வைத்துக் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டுவதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பு. தோலில் கீறலும் இல்லை, உள்ளுக்குள் முடி சுருண்டு கட்டி கட்டியாக வீங்குவதும் இல்லை. ரேசர் என்றால் முதலில் வெட்டிக் குறைத்து, வெந்நீரில் குளித்து முடி மிருதுவான பிறகு, ஷேவிங் ஜெல் தடவி, முடி வளரும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். பிளேடு புதிதாக இருக்கட்டும். தங்கையோ கணவரோ, யாருடனும் ரேசரைப் பகிராதீர்கள். ரத்தம் வழியே ஹெபடைடிஸ் பி, சி தொற்றலாம். முடி நீக்கும் க்ரீம் காரத்தன்மை மிக்கது. முந்தின நாளே கையில் தடவிப் பார்க்க வேண்டும், உள்பக்க ஈரத்தோலில் படவே கூடாது. வேக்சிங்கில், பயன்படுத்திய குச்சியையே திரும்ப மெழுகில் முக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வேக்சிங்கே வேண்டாம், தோல் உரிந்து வந்துவிடும்.

லேசர்தான் வேண்டும் என்றால் தோல் டாக்டர் நேரடியாகப் பார்க்கும் கிளினிக்குக்குப் போங்கள். மெஷினின் பெயரைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

ஏற்கெனவே சூடு பட்டிருந்தால் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிடுங்கள். ஐஸ், டூத்பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் தளர்வான பருத்தித் துணி உடுத்தி, முடிந்தால் அன்றைக்கே தோல் டாக்டரைப் பாருங்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.