60 லிட்டர் ஓடிஜி: இருபது பேருக்கு பேக்டு பாஸ்தா, தாங்குதா?

ஓடிஜின்னா ஓவன், டோஸ்டர், கிரில் மூணும் சேந்த கரண்ட் அடுப்பு. பிராண்ட் பேரு வேணாம், இந்த சைஸ்ல எல்லா கம்பெனி பொட்டியும் ஏறக்குறைய ஒண்ணு தான். நாங்க காட்பாடி, வீட்ல விசேஷம்னா இருபது தலைக்கு குறையாது, பசங்க பிரியாணிய விட்டுட்டு பேக்டு பாஸ்தா தான் கேக்குதுங்க, அதுக்காகவே வாங்கினது இது.

வாங்கறதுக்கு முன்னாடி லிட்டர் கணக்க பாக்காம உள்ள டேப் வெச்சி அளந்துடுங்க. அரை கிலோ பென்னேக்கு (குழா மாதிரி இருக்கற பாஸ்தா) 9க்கு 13 இன்ச் ட்ரே ஒண்ணு வேணும், கைப்பிடியோட சேத்து உள்ள போய் கதவு மூடணும். லாங் பஜார் பக்கம் பாத்திரக் கடைங்கள்ல ஸ்டீல் ட்ரேவா பாத்து எடுங்க, தக்காளி புளிப்புக்கு அலுமினியம் ஆவாது, அதுவும் முந்தின நாளே ரெடி பண்ணி ஃப்ரிட்ஜ்ல வெக்கறவங்களுக்கு. கண்ணாடி ட்ரேன்னா ஃப்ரிட்ஜ்லேந்து எடுத்து நேரா சூட்டுல வெச்சிடாதீங்க, விரிசல் விட்ரும்.

சரி, வேலை எப்டி செய்யுது? ஒரு ட்ரே வெச்சா சூப்பர். 180 டிகிரி, மேல ஃபாயில் மூடி இருபது நிமிஷம், அப்புறம் ஃபாயில எடுத்துட்டு மேல் ராடு மட்டும் போட்டு பத்து நிமிஷம், சீஸ் பொன்னிறமா பொங்கி வருது. ரெண்டு ட்ரேன்னா தான் தகராறு, மேல இருக்கறது கருகும் கீழ இருக்கறது வெளுப்பா நிக்கும், நடுவுல கண்டிப்பா மாத்தி வெக்கணும், நேரமும் கூட ஆவும். ஃபேன் இருக்கற மாடல்னா கொஞ்சம் பரவால்ல, ஆனா அதுலயும் மாத்தாம விட முடியல.

பாஸ்தாவ பாக்கெட்ல போட்ட நேரத்த விட ரெண்டு நிமிஷம் முன்னாடியே வடிச்சிடணும், சாஸ் தாராளமா தளதளன்னு இருக்கணும், ஏன்னா ஓவன்ல மீதி தண்ணிய அது குடிச்சிடும், இல்லனா மேல வறட்டி மாதிரி ஆயிடும். டூரம் கோதுமை ரவையில செஞ்சதா பாத்து வாங்குங்க, மைதா பாஸ்தா ரெண்டாவது வேக்காட்டுல கொழஞ்சிடுது. பிரியாணியும் பக்கத்துல இருந்தா இருபது பேருக்கு 1 கிலோ போதும், பாஸ்தா மட்டும்னா 1.5 கிலோ, அதாவது மூணு ட்ரே, ரெண்டு ஈடா வெக்கணும், அங்கதான் இந்த ஓவனோட எல்லை தெரியுது.

நான் சிக்கனுக்கு பதிலா இலவம்பாடி முள்ளு கத்தரிக்கா (2023ல புவிசார் குறியீடு வாங்கினதே, அதே தான்) எண்ணெயில வதக்கி பாஸ்தாவுக்கு நடுவுல ஒரு அடுக்கா வெப்பேன். சிசிலியிலயும் கத்தரிக்கா போட்டு தான் பாஸ்தாவ சுடறாங்க, அதனால நம்மூர் கை வரிசைன்னு பெருமையடிக்க முடியாது. ஆம்பூர் பிரியாணிக்கு எண்ணெய் கத்தரிக்கா தொட்டு வளந்த எங்க பெரிப்பா, "இன்னாம்மா இது, சேமியாவ சுட்டு வெச்சிக்கீற"ன்னு கேட்டுட்டு ரெண்டாவது தட்டும் வாங்கினாரு.

கரண்ட் விஷயம் முக்கியம். 2000 வாட், சாதா 6 ஆம்ப் பிளக்ல சொருகாதீங்க, 16 ஆம்ப் பாயிண்ட் வேணும், வீட்டு இன்வெர்ட்டர்லயும் ஓடாது. மே மாசம் நம்ம வேலூர் வெயில்ல கிச்சன்ல இத போட்டா நிக்க முடியாது, ஹால் ஓரமா ஸ்டூல் மேல வெக்கலாம், சுவத்த விட்டு தள்ளி.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். நாலு பேர் வீட்டுக்கு 30 லிட்டரே தாராளம், இதுக்கு போகாதீங்க.