மாத்திரைக் குளோரினும் திரவக் குளோரினும்: வீட்டு நீச்சல் குளத்தில் ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு நீச்சல் குளம் 40,000 லிட்டர் கொள்ளளவு உடையது. முதல் மூன்று ஆண்டுகள் ட்ரைக்ளோர் என்னும் குளோரின் சேர்மத்தாலான 200 கிராம் மாத்திரைகளை மிதவையில் இட்டும், அடுத்த மூன்று ஆண்டுகள் திரவக் குளோரினை அளந்து ஊற்றியும் இதைப் பராமரித்திருக்கிறேன். மாத்திரையின் வசதியைக் குறை சொல்ல மாட்டேன். வாரத்துக்கு மூன்று மாத்திரைகளை இட்டு, குறைந்துபோகும் பிஎச் (அமில-காரத்தன்மை) அளவை உயர்த்தக் கொஞ்சம் சோடியம் கார்பனேட் தூவினால் போதும். ஓராண்டுக்கு மேல் தண்ணீர் பளிங்கு போலவே இருந்தது.

இரண்டாம் ஆண்டின் நடுவில், நிழல் விழும் படிக்கட்டு ஓரத்தில் பச்சைப் படலம் தோன்றியது. சோதனைப் பட்டை குளோரின் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 3 பங்கு) என்றும் பிஎச் 7.4 என்றும் காட்டியது. இரண்டும் ஏட்டில் உள்ளபடி சரியான அளவுகள் என்பதால் வடிகட்டியின் மீது சந்தேகப்பட்டு மணலை மாற்றினேன். பிறகு பாசிக்கொல்லி வாங்கி ஊற்றினேன். ஒரு வாரம் தெளிந்திருக்கும், அடுத்த வாரம் படலம் திரும்பிவிடும்.

நான் பார்க்கத் தவறியது சயனூரிக் அமிலத்தை. வெயிலில் குளோரின் விரைவாகச் சிதைந்துவிடாமல் காக்கும் இந்த நிலைப்படுத்தி, ட்ரைக்ளோர் மூலக்கூறிலேயே அடங்கியிருக்கிறது. மாத்திரை 10 பிபிஎம் குளோரின் தரும்போது ஏறத்தாழ 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் நீரில் சேர்கிறது. குளோரின் செலவாகிவிடும், அமிலம் ஆவியாகாது, வடிகட்டியிலும் சிக்காது. என் குளத்தில் ஒரு மாத்திரைக்குச் சுமார் 2.7 பிபிஎம் வீதம், வாரத்துக்கு 8 பிபிஎம் ஏறிக்கொண்டிருந்தது. வடிகட்டியில் நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவும் பேக்வாஷ் செய்தபோதும் மழையில் நீர் வழிந்தபோதும் ஒரு பகுதி வெளியேறியிருக்க வேண்டும். இருந்தும், சோதனைத் திரவத்தால் கலங்கிய நீரை, அடியிலுள்ள கரும்புள்ளி மறையும் வரை சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்க்கும் சயனூரிக் சோதனையில் அளவுகோல் 100-உடன் முடிந்துவிட்டது. குளத்து நீரில் அதே அளவு குழாய்த் தண்ணீரைக் கலந்து மீண்டும் சோதித்து, கிடைத்த 75-ஐ இரட்டித்தபோது 150 என்று தெரிந்தது.

சயனூரிக் அமிலம் கூடக்கூட, குளோரினின் பெரும்பகுதி அதனோடு பிணைந்து கிடக்கும்; கிருமியையும் பாசியையும் தாக்கும் ஹைப்போகுளோரஸ் அமிலம் மிகக் குறைந்துபோகும். சோதனைப் பட்டையோ பிணைந்த குளோரினையும் சேர்த்தே காட்டும். சயனூரிக் அளவில் குறைந்தது 7.5 சதவீதமாவது குளோரின் இருக்க வேண்டும் என்று குளம் பராமரிப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கின்படி எனக்கு 11 பிபிஎம் தேவைப்பட்டது, இருந்ததோ 3.

இதற்கு நடைமுறையில் எளிதான மருந்து, நீரை மாற்றுவதுதான். முழுவதையும் ஒரேயடியாக இறைக்கவில்லை. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலியான குளத்தின் ஓடு மேலெழும்பி விரிசல் விடக்கூடும். பாதியை இறைத்து நிரப்பினேன், பத்து நாள் கழித்து மீண்டும் பாதியை மாற்றினேன். 150 முதலில் 75 ஆகி, பிறகு 40-க்கு அருகில் வந்து நின்றது. மூன்றாம் ஆண்டை மாத்திரையைக் குறைத்துக் கடத்திவிட்டு, அதன் முடிவில் திரவத்துக்கு மாறினேன்.

லிட்டருக்கு 100 கிராம் குளோரின் தரும் திரவம் ஒரு லிட்டர் ஊற்றினால் என் குளத்தில் 2.5 பிபிஎம் ஏறும். தினமும் மாலையில் ஊற்ற வேண்டும் என்பதும், வெப்பத்தில் அதன் வீரியம் குறைவதால் அதிகமாக வாங்கிச் சேமிக்க முடியாது என்பதும் உண்மையான தொல்லைகள். பிஎச் போக்கும் தலைகீழானது. ட்ரைக்ளோர் அமிலத்தன்மை உடையது என்பதால் முன்பு இறங்கிக்கொண்டே இருந்த பிஎச், இப்போது நீரிலிருந்து கரியமில வாயு வெளியேறுவதால் மெல்ல ஏறுகிறது. 7.8-ஐத் தொடும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சேர்க்கிறேன். குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில் தொட விடுவதில்லை, நச்சு வாயு கிளம்பும்.

திரவத்துக்கு மாறிய முதல் மாதத்தில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். பாசியை ஒழிக்கத் தாராளமாக ஊற்றிவிட்டு குளோரின் இருந்தால் நீரை இளஞ்சிவப்பாக்கும் டிபிடி என்னும் சோதனை மாத்திரையால் பார்த்தபோது நிறமே வரவில்லை. குளோரின் தீர்ந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஊற்றினேன். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் இளஞ்சிவப்பு நிறமே வெளுத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, நிறம் மறையும் வரை சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணும் எஃப்ஏஎஸ்-டிபிடி முறைக்கு மாறிவிட்டேன். ஆறு ஆண்டுகளில் நான் வாங்கியவற்றில் மிகவும் பயன்பட்ட பொருள் அந்தச் சோதனைப் பெட்டிதான்.

அதைக் கொண்டே இரவுச் சோதனையும் செய்கிறேன்: சூரியன் மறைந்தபின் ஓர் அளவு, விடியுமுன் ஓர் அளவு. வெயில் இல்லாத அந்நேரத்தில் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாத பாசியோ வேறு கரிமப் பொருளோ குளோரினைத் தின்கிறது என்று பொருள். நீர் பச்சையாவதற்கு முன்பே இது இரண்டு முறை எச்சரித்திருக்கிறது.

மாத்திரைகளை முற்றிலும் விட்டுவிடவில்லை. பத்து நாள் வெளியூர் செல்லும்போது நான்கை மிதவையில் இட்டுச் செல்கிறேன். அதனால் சயனூரிக் அளவு 11 பிபிஎம் ஏறும் என்பதைக் குறித்து வைக்கிறேன். அளவு 50-ஐ நெருங்கினால், நீரை மாற்றும் வரை மிதவை கொட்டகையில் கிடக்கும்.